சுவிச் புல்லர் இல்லாமல் மெக்கானிக்கல் கீபோர்ட் சுவிச் கழட்டுறது எப்பிடி?

பாமினிக்காரன்:

செமிகோலன் கீயை ஒருக்கா அமத்தினா ரெண்டு புள்ளி விழுது, சில நேரம் ஒண்டுமே விழாது. பாமினி எழுத்துருவில மெய்யெழுத்துக்கெல்லாம் புள்ளி போடுறது அந்தக் கீதான், அதால ஒரு வரி ஒழுங்கா அடிக்க ஏலாமல் கிடக்கு. கீபோர்ட் ஹொட்சுவாப் (ஈயம் உருக்காமல் சுவிச் கழட்டி மாத்தக்கூடியது) எண்டு பெட்டியில போட்டிருக்கு. கீகப் கழட்டுற பிளாஸ்ரிக் வளையம் மட்டும்தான் உள்ளுக்க இருந்தது. சுவிச் கழட்டுற இடுக்கி இல்லை, ஸ்பேர் சுவிச்சும் இல்லை. வீட்டில சின்னத் தட்டை ஸ்குரூட்ரைவர் ரெண்டு, சாவணம், குறடு, அரம், பேப்பர் கிளிப் இருக்கு. பிளேற் (சுவிச்சுகள் பூட்டியிருக்கிற தகடு) கறுப்புப் பெயின்ற் அடிச்ச இரும்பு. கீறல் விழாமல் கழட்ட வழி சொல்லுங்கோ.

சில்லுக்கம்பி:

முதல் கேபிளைக் கழட்டிப்போட்டுத் தொடங்குங்கோ.

சுவிச்சை இறுக்கிப் பிடிக்கிறது அடியில இருக்கிற செப்புப் பின் (ஊசிக் கால்) இல்லை. பிளேற்றில 14 மி.மீ. சதுர ஓட்டை. சுவிச்சின்ர மேல்பக்கத்தில ஒண்டும் (எஃப் கீ வரிசைப் பக்கம்) கீழ்ப்பக்கத்தில ஒண்டுமா (ஸ்பேஸ்பார் பக்கம்) ரெண்டு பிளாஸ்ரிக் நாக்கு பிளேற்றுக்கு அடியில கொளுவிக்கொண்டு நிக்கும். ரெண்டையும் உள்ளுக்கு அமத்திப் பிடிச்சா சுவிச் லேசா வரும், பலம் தேவையில்லை. பலம் தேவைப்படுதெண்டா நாக்கு அமரேல்லை எண்டு அர்த்தம்.

இடப்பக்கமும் வலப்பக்கமும் கொளுவி இழுக்காதேங்கோ. அங்க இருக்கிறது சுவிச்சின்ர மேல்மூடியைப் பிடிக்கிற கொளுக்கியள். அது விட்டா மூடி மட்டும் கையோட வரும், ஸ்பிரிங் கட்டிலுக்கடியில போகும், அடிப்பெட்டி பிளேற்றிலேயே கிடக்கும்.

பேப்பர் கிளிப் இதுக்குச் சரிவராது. நாக்கு அமர முதல் கிளிப்தான் வளையும். பழைய சைக்கிள் சில்லுக் கம்பி ஒண்டு தேடுங்கோ, எந்தத் திருத்துற கடையிலயும் கழிச்சுவிட்டது கிடக்கும். 2 மி.மீ. தடிப்பு, அதுதான் வேணும். ஏனெண்டா சுவிச்சுக்குச் சுவிச் நடு 19.05 மி.மீ., சுவிச்சின்ர மேல்விளிம்பு 15.6 மி.மீ., இடையில மிச்சம் மூண்டரை மி.மீ. கூட இல்லை. ஸ்குரூட்ரைவர் தண்டு கனக்க அதுக்குள்ள இறங்காது.

கம்பியில 16 செ.மீ. வெட்டி, ரிமோற்றுக்குப் போடுற டபிள் ஏ பற்றரியைச் சுத்தி நடுவில வளையுங்கோ. பற்றரி பதினாலரை மி.மீ., விட்டவுடன கம்பி கொஞ்சம் விரியும், அந்த விரிவு உதவிதான். ரெண்டு நுனியையும் சுத்தியலால அடிச்சு 1 மி.மீ. தடிப்புக்குத் தட்டையாக்குங்கோ (அம்மியில வைச்சு அடிக்காதேங்கோ, வீட்டில பேச்சு விழும்). அரத்தால அகலத்தை 3 மி.மீ. ஆக்கி, கடைசி 2 மி.மீ.ஐக் குறடால உள்பக்கம் மடியுங்கோ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி அடிக்கேக்க வெடிக்கப் பாக்கும், பழைய முலாம் பூசின கம்பி சுகம். நுனியில கூர் விடாமல் அரத்தால தேயுங்கோ, பெயின்றைக் கீறுறது அதுதான்.

கழட்டேக்க செமிகோலன் கீகப்பை மட்டும் எடுத்தாக் காணாது. மேல்வரிசையிலயும் கீழ்வரிசையிலயும் அதைத் தொட்டுக்கொண்டு நிக்கிற கீகப்புகளையும் எடுங்கோ. பிறகு கம்பியை மேலும் கீழும் நாக்குக்கு நேர இறக்கி, கால் ரெண்டையும் நெரிச்சு, நேர மேல தூக்குங்கோ. சரிக்காதேங்கோ, பின் வளையும்.

தங்கூசி:

கீகப் வளையம் இல்லாத ஆக்களுக்கும் சொல்லி வைக்கிறன்: தங்கூசியை (மீன்பிடிக்கிற நைலோன் நூல்) ஒரு சாண் நீளத்துக்கு ரெண்டாய் மடிச்சு, கீகப்பின்ர எதிர் மூலை ரெண்டுக்கும் அடியால குடுத்து மேல இழுத்தாக் காணும்.

சில்லுக்கம்பி அண்ணை சொன்னது வடிவான சாமான்தான், ஆனா ஒரேயொரு சுவிச்சுக்கு அவ்வளவு மினக்கெடத் தேவையில்லை. 2 மி.மீ. அலகுள்ள தட்டை ஸ்குரூட்ரைவர் ரெண்டு இருந்தா நடக்கும். காலாவதியான வங்கி அட்டையில ரெண்டு துண்டு வெட்டி, பிளேற்றில அலகு படுற இடத்தில வையுங்கோ. மேல் நாக்கை ஒண்டால அமத்திக்கொண்டு அந்தப் பக்கத்தை ஒரு மி.மீ. மட்டும் கிளப்புங்கோ. நாக்குப் பிளேற் விளிம்பைத் தாண்டினா 'டக்' எண்டு கேக்கும். அதை அப்பிடியே வைச்சுக்கொண்டு கீழ்ப் பக்கத்தைக் கிளப்புங்கோ. ஒரு பக்கத்தையே தொடர்ந்து நெம்பினா மற்றப் பக்க நாக்கு முறியும். நாக்கு முறிஞ்ச சுவிச் வேலை செய்யும், ஆனா கீகப் இழுக்கேக்கயெல்லாம் சேர்ந்து வரும்.

ஈயக்கோல்:

கம்பியை எடுக்க முதல், அது உண்மையா ஹொட்சுவாப் தானோ எண்டு பாருங்கோ. ஒரே மொடல் பெயரில ஈயம் ஒட்டினதும் ஹொட்சுவாப்பும் ரெண்டும் விக்கினம். அடியில இருக்கிற திருகாணியளைக் கழட்டி, உள்ளுக்க இருக்கிற சர்க்கிட் போர்ட்டின்ர பின்பக்கம் பாத்தாத் தெரியும் (ரப்பர் காலுக்கும் ஸ்ரிக்கருக்கும் அடியிலயும் ஒளிச்சுக் கிடக்கும்). ஒவ்வொரு சுவிச்சுக்கும் பின்னால ஒரு பிளாஸ்ரிக் சொக்கெற் இருந்தா ஹொட்சுவாப். ரெண்டு ரெண்டாய் மினுங்குற ஈயப் பொட்டு இருந்தா இல்லை. ஈயம் ஒட்டினதை இழுத்தீங்களெண்டா செப்புத் தகடும் போர்ட்டை விட்டு உரிஞ்சு வரும். அதுக்குச் சொல்டர் கோலும் ஈயம் உறிஞ்சியும் இல்லாமல் கை வைக்கக் கூடாது. ரீவி அன்ரனா வயரின்ர பின்னலால ஈயத்தை உறிஞ்சலாம் எண்டு சொல்லுவினம். செப்புப் பின்னலுக்கு ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவுற பசை) பூசினா உண்மை, ஆனா மலிவு வயருகளில கனக்க அலுமினியம், அதில ஈயம் ஒட்டவே ஒட்டாது.

மற்றது, ஹொட்சுவாப் போர்ட் பழுதாகிறது கழட்டேக்க இல்லை, திருப்பிப் போடேக்கதான். சுவிச்சின்ர பின் ரெண்டும் செப்புத் தகடு, மெல்லிசு. சாவணத்தால ரெண்டையும் நேராக்கி, ஓட்டைக்கு நேர பிடிச்சு, நேர கீழ அமத்தவேணும். ஒரு பின் மடிஞ்சுபோய்ச் சுவிச்சுக்கு அடியில படுத்தாலும் சுவிச் மேலால பாக்க ஒழுங்கா இருந்த மாதிரித்தான் தெரியும், கீ மட்டும் வேலை செய்யாது. அது தெரியாமல் இன்னும் பலமா அமத்தினாச் சொக்கெற் போர்ட்டிலிருந்து பிரியும். பின்பக்கம் திறந்திருந்தா சொக்கெற்றுக்கு அடியில ஒரு விரலை முட்டுக் குடுத்துக்கொண்டு அமத்துங்கோ. ஒரு சொக்கெற்றுக்கு நூறு தரம் எண்டு தயாரிக்கிற ஆக்களே கணக்குச் சொல்லுறவை, அதால விளையாட்டுக்குக் கழட்டிப் பூட்டாதேங்கோ.

பாமினிக்காரன்:

திறந்து பாத்தன், பிளாஸ்ரிக் சொக்கெற்தான். தங்கூசி சொன்ன மாதிரி மேல்பக்கம் 'டக்' எண்டு விட்டுது, கீழ்ப்பக்கம் அசையுதில்லை. அதோட, எடுத்தாப் பிறகு போட ஸ்பேர் இல்லையே?

தங்கூசி:

கீழ்ப்பக்கத்தில அலகு நாக்கில படாமல் சுவிச்சின்ர விளிம்பில முட்டிக்கொண்டு நிக்குது போல. ரோச் வெளிச்சத்தில பாருங்கோ, நடுவில ஒரு சின்னக் குழி தெரியும், அலகு அதுக்குள்ள இறங்கவேணும். கிளம்பின மேல்பக்கத்தைத் திரும்ப இருத்திப்போட்டு, இந்த முறை கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கோ.

சில்லுக்கம்பி:

ஸ்பேர் உங்கட கீபோர்ட்டிலேயே கிடக்கு. ஸ்க்ரோல் லொக்கை இப்ப ஆர் அமத்தினம்? அந்தச் சுவிச்சைக் கழட்டிச் செமிகோலனுக்குப் போடுங்கோ, செமிகோலன்ர சுவிச்சை ஸ்க்ரோல் லொக்குக்குப் போடுங்கோ. எது பழுதெண்டும் இதில பிடிபடும். புள்ளி ஒழுங்கா விழுந்தாப் பிழை பழைய சுவிச்சில. அப்பவும் ரெண்டு விழுந்தாச் சொக்கெற்றிலயோ போர்ட்டிலயோ பிழை.

ரெண்டாவதெண்டா, சுவிச் இல்லாமல் கேபிளைப் பூட்டி, சொக்கெற் ஓட்டை ரெண்டையும் சாவணத்தால ஒருக்காத் தொடுத்துப் பாருங்கோ. யூஎஸ்பி 5 வோல்ற்தான், பயமில்லை, ஆனா பக்கத்தில இருக்கிற எல்ஈடி காலில படக்கூடாது. தொடுக்கேக்க புள்ளி விழுந்தாப் போர்ட் சரி, சொக்கெற்றுக்குள்ள தகடு தளர்ந்திருக்கு. விழாட்டிச் சொக்கெற் போர்ட்டை விட்டுப் பிரிஞ்சிருக்கும், அதுக்குச் சொல்டர் வேணும்.

பழைய சுவிச்சை எறியாதேங்கோ. கடற்கரைப் பக்கம் வீடெண்டா உப்புக் காத்தில பின் கறுக்கும். பாமசியில வாங்குற சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றைப் பஞ்சில தொட்டுத் துடைச்சு, உள்ளுக்கும் ரெண்டு துளி விட்டு, ஐம்பது அறுபது தரம் அமத்தி, காயவிட்டுப் பிறகு பூட்டுங்கோ. பிளேற் ஓட்டைக்குள்ள கிடக்கிற ஊத்தையை ஈர்க்கால கிளறுங்கோ, ஊசியால வேண்டாம்.

பாமினிக்காரன்:

வந்திட்டுது. பின் ரெண்டும் நேராத்தான் இருக்கு. ஸ்க்ரோல் லொக் சுவிச்சை மாத்திப் போட்டாப் புள்ளி ஒண்டுதான் விழுது. பிளேற்றில கீறலும் இல்லை.

ஈயக்கோல்:

அப்ப சுவிச்தான் பிழை. புதுசு எடுப்பிக்க முதல், இப்ப உள்ளதில மூண்டு காலோ அஞ்சு காலோ எண்டு எண்ணுங்கோ. நடுத் தண்டோட ரெண்டு செப்புப் பின் மட்டும் எண்டா மூண்டு. அதுக்குப் பக்கத்தில ரெண்டு பிளாஸ்ரிக் காலும் இருந்தா அஞ்சு. மூண்டு கால் சுவிச் ரெண்டு விதப் போர்ட்டுக்கும் போகும். அஞ்சு கால் சுவிச்சை மூண்டு ஓட்டைப் போர்ட்டில போடுறதெண்டா அந்தப் பிளாஸ்ரிக் கால் ரெண்டையும் நகம்வெட்டியால அடியோட வெட்டவேணும்.