இறைவன் என்ற சொல்லுக்கு நம்புகிறவரால் பொருள் சொல்ல இயலுமா?

வினாத்தாள் எழுதியது:

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். மாலையில் விளக்கேற்றியதும் ஒரு பதிகமாவது பாடுவது எங்கள் வீட்டு வழக்கம். சென்ற வாரம் உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி அந்த நேரத்தில்கூட மனத்தை விட்டு அகலவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அவர் கடவுள் இல்லை என்று வாதிடவில்லை. "இல்லை என்று சொல்வதற்கும் எது இல்லை என்பது எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா? நீங்கள் நம்புவது இன்னது என்று முதலில் சொல்லுங்கள், உண்டா இல்லையா என்பதைப் பிறகு பார்க்கலாம்" என்றார். எங்கும் நிறைந்தவர் என்றேன்; வெளியும் அப்படித்தானே என்றார். எல்லாவற்றையும் படைத்தவர் என்றேன். அது அவர் செய்ததாக நீங்கள் கூறும் வேலை, அவர் யார் என்பதற்கு விடையாகாது என்றார். வேறு வழியின்றிச் சொல்லுக்கு அடங்காதவர் என்றேன். அப்படியானால் இவ்வளவு நேரம் நாம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அப்பரே "இவன் இறைவன் என்று எழுதிக் காட்டொணாதே" என்று பாடியிருக்கிறார். அப்படியென்றால் நம்புகிறவர்களிடம் இருப்பது ஒரு பெயரும் அதைச் சுற்றிய உணர்ச்சியும் மட்டும்தானா, அல்லது கருத்து என்று சொல்லத்தக்க ஏதாவது இருக்கிறதா?

அளவைமாணவன் எழுதியது:

உங்கள் நண்பரின் கேள்விக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1936 இல் ஆங்கிலேய மெய்யியலாளர் ஏ. ஜே. அயர், சொற்பொருளாலேயே உண்மையாகும் கூற்றும் அனுபவத்தால் சோதிக்கத்தக்க கூற்றும் தவிர மற்றவை பொருளற்றவை என்று எழுதினார். கடவுள் உண்டு என்பது அந்த வகையில் பொருளற்றது. ஆனால் கடவுள் இல்லை என்பதும் அதே காரணத்தால் பொருளற்றது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். உங்கள் நண்பர் நாத்திகம் பேசாமல் நின்றுகொண்டது அதனால்தான் போலும். அந்த அளவுகோலை அந்த அளவுகோலாலேயே அளந்தால் அதுவும் தேறாது என்பது பின்னர் பலரும் எடுத்துக்காட்டிய குறை. ஆகவே கேள்வியின் கடுமையான வடிவத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

எனினும் மென்மையான வடிவம் எஞ்சி நிற்கிறது. ஒரு பொருளைச் சுட்டுவது வேறு, அதன் இயல்பை வரையறுப்பது வேறு. நீர் இரண்டு வாயுக்களின் சேர்க்கை என்பது 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெரியவந்தது. அதற்கு முன் நீரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாம் வெறும் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டோம். "படைத்தவர் என்பது வேலைதானே" என்று நண்பர் தள்ளியது அவசரம்; செயலைக் கொண்டு ஒருவரைச் சுட்டுவது முறையான வழியே. ஆனால் நீரைச் சுட்டியவர்களுக்குக் குடத்தில் நீர் இருந்தது. அந்த வேறுபாட்டையும் நான் மறைக்க விரும்பவில்லை.

திண்ணைவாசி எழுதியது:

வினாத்தாள் அவர்களே, உங்கள் நண்பர் கேட்ட கேள்வியை 13 ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்த மெய்கண்டார், அவரைவிடக் கடுமையாகக் கேட்டிருக்கிறார். சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலாக அவர் இயற்றிய சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் ஆறாவது முழுவதும் இதுதான். "உணருரு அசத்தெனின் உணராது இன்மையின்" என்று தொடங்கும் அதன் கருத்து இது: இறைவன் உயிரின் அறிவுக்கு எட்டும் பொருள் என்றால், எட்டுகிற மற்றப் பொருள்களைப் போல அவனும் தோன்றி மறையும் அசத்து ஆகிவிடுவான், எவ்வகையாலும் அறியப்படாதவன் என்றால் முயற்கொம்பைப் போல இல்பொருள் ஆகிவிடுவான். உங்கள் நண்பர் இரண்டாவது கொம்பில் மட்டுமே உங்களைக் குத்தினார். நூலாசிரியர் இரண்டு கொம்பிலும் தம்மைத் தாமே நிறுத்திக்கொண்டு, பிறகுதான் விடை தேடுகிறார்.

விடை இதுதான்: ஐம்புலனும் மனமும் முதலான கருவிகளால் பெறும் பாசஞானத்துக்கும், உயிர் தன்னைக் கொண்டு அறியும் பசுஞானத்துக்கும் இறைவன் எட்டான்; அவன் அருளே அறிவாக நிற்கும் பதிஞானத்துக்கு எட்டுவான். நீங்கள் மேற்கோள் காட்டிய அப்பர் பாடலில் ஓர் அடியை விட்டுவிட்டீர்கள். "அவன் அருளே கண்ணாகக் காணின் அல்லால்" என்ற நிபந்தனைக்குப் பிறகே "எழுதிக் காட்டொணாதே" வருகிறது. எழுதிக் காட்ட முடியாது என்பதற்கும் காணவே முடியாது என்பதற்கும் இடையே நிறைய இடம் இருக்கிறது.

இன்னொன்று. சித்தாந்தத்தில் இறைவனுக்குத் தடத்த இலக்கணம், சொரூப இலக்கணம் என்று இரண்டு சொல்வார்கள். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலைக் கொண்டு, உலகத்தோடும் உயிரோடும் உள்ள தொடர்பில் வைத்துச் சொல்வது தடத்தம். தொடர்புகளை நீக்கி, தன்னில் தானாக அவன் எப்படி இருக்கிறான் என்பது சொரூபம். குடத்தைக் கண்டு குயவன் ஒருவன் உண்டு என்று அறிகிறோம், ஆனால் குயவன் குட்டையா நெட்டையா என்று குடம் சொல்லாது. நீங்கள் "படைத்தவர்" என்றபோது தடத்தத்தைச் சொன்னீர்கள், நண்பர் சொரூபத்தைக் கேட்டார். பட்டிமன்றங்களில் பாதி இப்படித்தான் முடிகின்றன.

கேள்விக்குறி எழுதியது:

திண்ணைவாசி ஐயா அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் எனக்கு இரண்டு இடங்களில் உறுத்துகிறது.

முதலாவது, வள்ளுவர் ஒன்பதாவது குறளில் "எண்குணத்தான்" என்று மட்டும் சொல்லி, அந்த எட்டும் எவை என்று சொல்லாமல் விட்டுவிட்டார். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் தன்வயத்தன் ஆதல், தூய உடம்பினன் ஆதல் என்று தொடங்கிச் சைவாகமப்படி எட்டையும் அடுக்குகிறார். அணிமா முதலிய எட்டுச் சித்திகள் என்பாரும், கடையிலா அறிவு முதலிய எட்டு என்பாரும் உளர் என்று அவரே சேர்த்தும் எழுதுகிறார். ஒரே சொல்லுக்கு மூன்று பட்டியல்கள். அவற்றுள் கடையிலா அறிவு என்று தொடங்குவது சமணர் தம் அருகனுக்குச் சொல்வது. அருகனோ உலகைப் படைத்தவன் அல்லன். எண்ணிக்கை ஒத்துப்போகிறது, பொருள் ஒத்துப்போகவில்லை. இத்தகைய சொல்லை வரையறை என்று எப்படி அழைப்பது?

இரண்டாவது, அருள் கிடைத்தவருக்கே தெரியும் என்பது வெளியே நிற்பவன் சோதிக்க முடியாத விடை. அதோடு, மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞானசித்தியார் என்ற தம் நூலில் பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கம் என்ற பகுதியில், கடவுளை ஏற்காத உலகாயதர் முதல் திருமாலை முதற்பொருளாகக் கொண்ட பாஞ்சராத்திரிகள் வரை 14 கொள்கைகளை எடுத்து மறுக்கிறார். சொல்லுக்கு அடங்காத பொருளைப் பற்றி இத்தனை பேர் சொன்னது தவறு என்று எந்த அளவுகோலால் தெரிந்தது? மறுக்கும்போது தெளிவாகத் தெரிகிற பொருள், விளக்கச் சொன்னால் மட்டும் எட்டாத பொருளாகிவிடுவது ஏன்?

கடலோரத்தான் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு எங்கள் மார்க்கத்திலிருந்து சிறிது சொல்லலாம் என்று நினைக்கிறேன். திருக்குர்ஆனின் 42 ஆம் அத்தியாயம் 11 ஆம் வசனம், அவனைப் போன்று எதுவும் இல்லை என்று சொல்லி, அதே மூச்சில் அவன் செவியுறுபவன், பார்ப்பவன் என்றும் சொல்கிறது. மறுப்பும் உறுதிப்பாடும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. பார்ப்பவன் என்றால் கண் உண்டா என்று கேட்டவர்களுக்கு, "எவ்வாறு என்று கேளாமல்" ஏற்றுக்கொள் என்பது பழைய அறிஞர்கள் பலர் எடுத்த நிலை. இது தப்பித்தல் என்று தோன்றலாம். ஆனால் மதரசாவில் சிறு வயதிலேயே நாங்கள் மனப்பாடம் செய்யும் 112 ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள்: அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை, அவனுக்கு நிகராக எவருமில்லை. அதன் பிற்பாதி முழுவதும் மறுப்பு. வேலி போட்டவனுக்குத் தோட்டத்தின் எல்லை தெரிந்தால் போதும், உள்ளே இருக்கிற ஒவ்வொரு செடியின் பெயரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிறர் கொள்கையை மறுப்பதற்கும் அந்த அறிவு போதுமானது.

திண்ணைவாசி எழுதியது:

கடலோரத்தார் சொன்ன வேலி பரிமேலழகரின் பட்டியலிலும் இருக்கிறது. இயல்பாகவே பாசங்களின் நீங்குதல், முடிவில் ஆற்றல், வரம்பில் இன்பம் என்ற மூன்றும் இல்லாமையைக் கொண்டே சொல்லப்பட்டவை. ஆனால் எட்டும் அப்படியல்ல. பேரருள் உடைமை என்பது வேலி அன்று, அது உள்ளே இருக்கிற செடி. அதை விட்டுக்கொடுத்துவிட்டு வேலியை மட்டும் வைத்துக்கொண்டால் அழுவதற்கும் தொழுவதற்கும் ஆளில்லாமல் போய்விடும். அதனால் முழுக்க எதிர்மறையாகவே பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்விக்குறியின் இரண்டாவது கேள்வியில் முற்பகுதிக்கு என்னிடம் நல்ல விடை இல்லை. கண்ணுக்குக் காணும் ஆற்றல் இருந்தும் கதிரவன் ஒளி சேர்ந்தாலன்றிக் காணாது என்பது சித்தாந்திகள் வழக்கமாகக் காட்டும் உவமை. அது அருள் எப்படி அறிவோடு கூடுகிறது என்பதை விளக்கும், அருள் உண்டு என்று மெய்ப்பிக்காது. ஆறாம் சூத்திரத்தை மெய்ப்பிக்கும் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் பிழை. இறைவன் உண்டு என்பதற்கான வாதம் முதல் சூத்திரத்திலேயே, "அவன் அவள் அது" என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் கொண்டு முடிந்துவிடுகிறது. அதை ஏற்காதவருக்கு ஆறாவது பயன்படாது. ஏற்றவருக்குத்தான், ஏற்றுக்கொண்ட பொருளை மற்றப் பொருள்களின் வரிசையில் ஒன்றாக வைத்துவிடாதே என்று அது எச்சரிக்கிறது.

வினாத்தாள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நான் எங்கே தவறினேன் என்பது இப்போது ஓரளவு புலப்படுகிறது. சொல்லுக்கு அடங்காதவர் என்பதை, சொன்னவை எல்லாம் தோற்ற பிறகு ஒளிந்துகொள்ளும் இடமாக நான் பயன்படுத்தினேன்.

நேற்றிரவு அப்பர் பாடலை முழுவதுமாக எடுத்துப் படித்தேன். தொடக்கத்திலேயே மைதீட்டிய கண்ணாளோடு கச்சி மயானத்தில் இருப்பவன், வார்சடையான் என்று ஊரையும் கோலத்தையும் சொல்கிறார். அடுத்த மூச்சில் ஒப்புடையன் அல்லன், ஓரூரன் அல்லன் என்கிறார். காஞ்சிபுரத்தில் இருக்கும் கோயிலைப் பெயர் சொல்லிக் காட்டியவரே ஓரூரன் அல்லன் என்கிறார். நாளை மதிய உணவின்போது இதை நண்பரிடம் காட்டப்போகிறேன். இது முரண்பாடு அல்லவா என்று அவர் உறுதியாகக் கேட்பார். அளவைமாணவன் சொன்ன சுட்டுதல், வரையறுத்தல் என்ற வேறுபாட்டை வைத்து விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆனால் குடத்தில் நீர் எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்பதை, தெரிந்தவர்கள் இன்றிரவுக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.