கிரிட்டிகல் பாத், ஃப்ளோட்: பழைய வீட்டு வேலை ஷெட்யூலை எப்படிப் படிப்பது?

வளவுவீடு கேட்டது:

காரைக்குடி பக்கம் பூர்வீக வீடு. பங்காளிகள் ஐந்து புள்ளி (குடும்பம்) சேர்ந்து வீட்டின் முதல் கட்டை (முன்பகுதியை) மட்டும் சரிசெய்கிறோம். ஆவணியில் ஆரம்பம், தையில் கல்யாணம். எஞ்சினியர் கொடுத்த ஷெட்யூல் (நாட்களில்):

கூரை (ஓடு இறக்கி, கைமரம், ரீப்பர் மாற்றி, திரும்ப வேய்வது) 20
ஒயரிங் பைப் 6
சுண்ணாம்புப் பூச்சு 15
பூச்சு காய 21
ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்) வந்து சேர 30 (முதல் நாளே ஆர்டர்)
கல் பதிக்க 12
தரை இறுக 7
வெள்ளையடிக்க 8

கூட்டினால் 119. அவரோ மொத்தம் 70 நாள் என்கிறார். செலவில் பெரிய பங்கு கல்லுக்குத்தான், ஆனால் "அது கிரிட்டிகல் இல்லை, 13 நாள் ஃப்ளோட் இருக்கு" என்கிறார். அப்படியானால் கல்லுக்கு அவசரமே இல்லையா? பேஸ்லைன், மைல்ஸ்டோன் என்றும் எழுதியிருக்கிறார்.

சைட்கணக்கு பதில்:

எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால்தான் 119. எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். கூரை முடிந்து பைப், பிறகு பூச்சு, பூச்சு காய்ந்தபின் வெள்ளை: 20+6+15+21+8 = 70. தொடக்கத்திலிருந்து முடிவு வரை உள்ள சங்கிலிகளில் இதுதான் நீளம். இதில் ஒரு நாள் தவறினால் முடிவும் ஒரு நாள் தள்ளும். அதுதான் கிரிட்டிகல் பாத். செலவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் பட்டியலில் ஓர் ஆள்கூட வேலை செய்யாத 21 நாள் காய்வும் கிரிட்டிகல்தான்.

இப்போது கல். பூச்சு முடிந்தபின்தான் பதிக்க வேண்டும். பூச்சு 41-ஆம் நாள் முடிகிறது, கல் 30-லேயே வந்துவிடுகிறது. 41-இல் பதிக்கத் தொடங்கினால் 53-இல் முடியும், தரை இறுக 60. வெள்ளை 62-இல்தான் ஆரம்பம் என்பதால் பதிப்பதற்கு 2 நாள் ஃப்ளோட், அதாவது மொத்த முடிவைத் தள்ளாமல் தாமதிக்கக்கூடிய நாள். பின்னாலிருந்து கணக்குப் போட்டால் (62-7-12) கல் 43-க்குள் வந்தால் போதும். அந்த 13 அப்படி வந்தது.

ஆனால் 13-ம் ஒரே மாதிரி இல்லை. முதல் 11 நாள் தாமதம் யாரையும் தொடாது. அதுதான் ஃப்ரீ ஃப்ளோட். கடைசி 2 நாள், கல் பதிக்கிற ஆளோடு சேர்ந்து அனுபவிக்கிற பொதுச் சொத்து. சப்ளையர் அதைத் தின்றுவிட்டால் பதிக்கிறவருக்கு மிச்சம் பூஜ்யம். அதனால் சப்ளையரிடம் 13 நாள் இருக்கிறது என்று மூச்சு விடாதீர்கள்.

வளவுவீடு:

நன்றி அண்ணே. கல்லுக்கு 45 நாள் ஆகும் என்று சொன்னால்? பூச்சுக்கு இரண்டு செட் கொத்தனார் விட்டால் சரிக்கட்டலாமா?

சைட்கணக்கு:

45 என்றால் 43-ஐ இரண்டு தாண்டுகிறது. மொத்தம் 72, கிரிட்டிகல் பாத் கல் பக்கம் மாறிவிடும். அந்த நிலையில் பூச்சுக்கு ஆள் கூட்டினால் கூலிதான் தண்டம், ஒரு நாள்கூடக் குறையாது. கல் 30-லேயே வருமானால் விஷயம் வேறு. பூச்சு 15-லிருந்து 10 ஆனால் மொத்தமும் 65 ஆகும். காசு கொடுத்து நாளைக் குறைக்கும் இந்த வேலைக்கு கிராஷிங் என்று பெயர். பாத் எது என்று பார்க்காமல் செய்யக் கூடாது.

கல்லுக்கு ஒரே எண்ணை நம்பாதீர்கள். சீக்கிரம் வந்தால் 25, வழக்கமாக 30, மோசமானால் 47 என்று மூன்று எண் வாங்குங்கள். (25 + 4×30 + 47) ÷ 6 = 32. 1958-இல் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு உருவாக்கிய பெர்ட் முறையின் சூத்திரம் இது, ஆத்தங்குடிக்கும் பொருந்தும்.

கொத்தமங்கலம் பதில்:

கணக்கு சரி, காலண்டர் இடிக்கிறது. ஆவணி முதல் தேதி ஆரம்பித்தால், ஞாயிறு லீவையும் கணக்கில் எடுத்தால், காய்கிற 21 நாளின் கடைசிப் பகுதி ஐப்பசியில் விழும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் இறுகுகிறது. சுவர் ஈரமாகவே கிடந்தால் அது மெதுவாகும். 21 வெயில் காலக் கணக்கு. வடகிழக்குப் பருவமழையை ரிஸ்க் பட்டியலில் எழுதுகிறார்கள், அது தப்பு. வருஷா வருஷம் வருவது ரிஸ்க் இல்லை, காலண்டரில் கழிக்க வேண்டிய நாள். புயல் வந்து ஒரு வாரம் முடங்குவதுதான் ரிஸ்க். அதற்குத் தனியாக நாளும் பணமும் ஒதுக்குங்கள். வெயிலில் உலர்த்துகிற ஆத்தங்குடிக் கல்லையும் அதே மழை தாமதமாக்கும்.

இன்னொன்று. எஞ்சினியர் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் (ஷெட்யூல் போடும் மென்பொருள்) போட்டிருந்தால், காய்வதை சாதாரண வேலை நாளாகப் போட்டிருக்கிறாரா, எலாப்ஸ்டு நாளாகவா (லீவையும் சேர்த்து எண்ணுவது) என்று கேளுங்கள். கொத்தனாருக்கு ஞாயிறு லீவு, சுவருக்கு இல்லை.

கல் பதித்தபின் வெள்ளையடிப்பதால் சாரக்காலுக்கு அடியில் பலகை போட்டு, தரை முழுக்க மூடச் சொல்லுங்கள். சுண்ணாம்பு சிந்திவிட்டால் ஆசிட் ஊற்றவே கூடாது. அது சிமெண்ட் கல், நிறம் போய்விடும்.

மானகிரி பதில்:

விட்டுப்போனவை. பேஸ்லைன் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட முதல் ஷெட்யூலின் நகல். தாமதத்தை அதோடு ஒப்பிட்டுத்தான் அளக்க வேண்டும். வாராவாரம் தேதியைத் திருத்திக்கொண்டே போனால் வேலை எப்போதும் சரியான நேரத்தில் நடப்பதாகத்தான் தெரியும்.

மைல்ஸ்டோன் என்பது ஒரு கட்டம் முடிந்ததைக் காட்டும் அடையாளம், அதற்குக் கால அளவு பூஜ்யம். "கூரை 80% முடிந்தது" மைல்ஸ்டோன் ஆகாது. "ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்தோம், எங்கும் சொட்டவில்லை" என்பது ஆகும். தவணைப் பணத்தை இதோடு கட்டுங்கள்.

உங்கள் வேலையில் உண்மையான ஆபத்து ஸ்கோப்தான், அதாவது எவ்வளவு வேலை என்கிற எல்லை. முதல் கட்டு என்று எழுதியாயிற்று. பாதியில் ஒருவர் "இரண்டாம் கட்டுத் தூணையும் பாலிஷ் போட்டுடலாமே" என்பார், இன்னொருவர் வாட்ஸ்அப் குரூப்பில் கட்டைவிரல் காட்டுவார், மேஸ்திரி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். ஐந்து புள்ளியும் சேர்ந்து ஒருவரை மட்டும் சைட்டில் உத்தரவு சொல்ல வையுங்கள். புதிதாக எது கேட்டாலும் எத்தனை நாள், எவ்வளவு ரூபாய், யார் பங்கில் என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டபின் ஆள் இறங்கட்டும்.