மாம்பலம் வீட்டார் குழு

சேகர் சித்தப்பா: காலை வணக்கம். இந்த வீடியோவைக் கட்டாயம் பாருங்கள். பாகற்காய்ச் சாறும் வேப்பிலைப் பொடியும் போதுமாம், 45 நாளில் சர்க்கரை நோய் அடியோடு போய்விடுமாம். மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்கிறார்.

விஜயா அத்தை: நான் பத்து நாளாகக் குடிக்கிறேன் சேகர். ஆனால் மாத்திரையை விடவில்லை. இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் குறையும் இல்லையா?

நித்யா: அத்தை, வெறும் வயிற்றிலா?

விஜயா அத்தை: ஐந்தரைக்குக் குடித்துவிட்டு நடக்கப் போவேன். வந்துதான் டிபன்.

கார்த்திக்: அம்மா! திங்கட்கிழமை நடேசன் பூங்காவில் தலை சுற்றி பெஞ்சில் உட்கார்ந்தது இதனால்தானா? வெயில் என்றாயே. காலை ஆறு மணிக்கு ஏது வெயில்?

விஜயா அத்தை: அதை ஏன் குழுவில் போடுகிறாய்.

நித்யா: கை நடுங்கியதா அத்தை? வேர்த்ததா?

விஜயா அத்தை: வேர்த்தது. சென்னையில் யாருக்குத்தான் வேர்க்காது.

நித்யா: நீங்கள் போடுவது கிளிமிபிரைடு. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை அது. பாகற்காய்ச் சாறும் தன் பங்குக்குச் சுகரைக் குறைக்கும். அதோடு வெறும் வயிறு, நடை வேறு. 70க்குக் கீழே போனால் லோ சுகர். இனிமேல் அப்படி வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மெஷினில் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. பூங்காவுக்குப் போகும்போது பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

சேகர் சித்தப்பா: அப்போது நம் நாட்டு வைத்தியமே வேண்டாம் என்கிறாயா?

நித்யா: நான் எப்போது சொன்னேன் சித்தப்பா? பாட்டியின் மூட்டுவலிக்குத் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு நான்தானே கூட்டிப் போனேன். முதல் நாளே பாட்டி போடும் பிரஷர் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதினார்கள். உங்கள் வீடியோக்காரர் அத்தையின் சீட்டைப் பார்த்தாரா?

கார்த்திக்: சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954இலேயே சட்டம் இருக்கிறது சித்தப்பா.

சேகர் சித்தப்பா: சரி சரி, அழித்துவிடுகிறேன்.

விஜயா அத்தை: அது கிடக்கட்டும். கால் எரிச்சலுக்கு வழி சொல்லுங்கள். ராத்திரி தூக்கமே இல்லை.

மைதிலி பெரியம்மா: வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை வை விஜி.

கார்த்திக்: ஐயோ பெரியம்மா, வேண்டாம்! போன வருடம் ஒரு இயற்கை வைத்திய நிலையத்தில் அப்படித்தான் வைத்தார்கள். சூடு அம்மாவுக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் குதிகாலில் கொப்புளம். ஆற ஆறு வாரம் ஆயிற்று.

மைதிலி பெரியம்மா: எரிகிறது என்கிறாள், சூடு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

நித்யா: இரண்டுமே நரம்பு கெட்டதால் வருவதுதான் பெரியம்மா. அதனால் வெந்நீர், ஹீட்டிங் பேட் எதுவும் கூடாது. எண்ணெய் மெதுவாகத் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் நின்று புண்ணாகும். அத்தை, அரும்பாக்கம் அரசு யோகா மருத்துவமனையில் கற்றுக்கொண்ட மூச்சுப் பயிற்சி என்ன ஆயிற்று? அது செய்த நாட்களில் நன்றாகத் தூங்கினேன் என்றீர்களே.

விஜயா அத்தை: செய்தேன். நவராத்திரியோடு விட்டுப்போயிற்று.

நித்யா: திரும்ப ஆரம்பியுங்கள். எரிச்சல் போகுமா என்றால் தெரியாது, தூக்கம் வரும். இன்னொன்று, சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் போடுகிறீர்களே, அது எத்தனை வருடமாக?

விஜயா அத்தை: பதினான்கு இருக்கும்.

நித்யா: ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்த்தார்களா? அந்த மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால் பி12 குறையலாம். நீங்கள் சைவம் வேறு. அது குறைந்தாலும் கால் எரியும்.

கார்த்திக்: பார்த்ததே இல்லை. சனிக்கிழமை டாக்டரிடம் கேட்கிறேன். சாறு குடித்ததையும் சொல்லிவிடுகிறேன்.

விஜயா அத்தை: அதைச் சொல்லாதே, திட்டுவார்.

கார்த்திக்: அதற்காகத்தான் சொல்லப் போகிறேன்.

விஜயா அத்தை: ஃபிரிட்ஜில் இரண்டு கிலோ பாகற்காய் இருக்கிறதே, அதை என்ன செய்ய?

மைதிலி பெரியம்மா: பிட்லை பண்ணு.

சேகர் சித்தப்பா: நாளை மதியம் சாப்பிட வருகிறேன் அக்கா.