பிரேக் பெடல் தானாகக் கீழே இறங்குகிறது: டொல்பின் வான், திருகோணமலை

கேள்வி: பாலையூற்றிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓட்டுவது டொல்பின் வான், எல்.எச். 113, டீசல். முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம். ஏ.பி.எஸ். இல்லை. காலையும் மதியமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 11 பேரை ஏற்றி இறக்குகிறேன். அதனால்தான் அவசரமாகக் கேட்கிறேன்.

போன மாதம் பின் லைனர் தேய்ந்துபோய் ஒரு கராஜில் மாற்றினேன். எயார் எடுத்து (பைப்பில் தங்கும் காற்றை வெளியேற்றி), புது பிரேக் ஒயில் விட்டுத் தந்தார்கள். பெடல் நல்ல இறுக்கம். இரண்டு கிழமை ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் ஓர்ஸ்ஹில் இறக்கத்தில் முன்னால் பஸ் நின்றது. நானும் பிரேக்கில் காலை வைத்தபடி நின்றேன். கால் மெல்ல மெல்லக் கீழே போகிறது. நான் கூட்டி அழுத்தவில்லை, பெடல்தான் இறங்குகிறது. வான் ஒரு அடி முன்னால் ஊர்ந்துவிட்டது. காலை எடுத்துத் திரும்ப மிதித்தேன், மேலேயே பிடித்தது.

அடுத்த நாள் கோட்டை வாசலடியில் மான் ஒன்று குறுக்கே பாய்ந்தது. உதைத்துப் பிடித்தேன், வான் அப்படியே நின்றது. ஓடும்போது பிடிக்கிறது, நிற்கும்போது கைவிடுகிறது. கராஜில் திரும்பவும் எயார் எடுத்தார்கள், அதே கதைதான். இது என்ன பிழை?

பதில்: உப்புவெளி

அண்ணை, முதலில் பிள்ளைகளை ஏற்றுவதை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளைக்கு வேறொரு வானைப் பேசிக் கொடுங்கள். உழைப்பு போகும் என்று தெரியும். ஆனாலும் மெதுவாக இறங்கும் பெடல் ஒரு நாள் ஒரேயடியாகத் தரையில் போய் இருக்கலாம்.

இனி மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பிரேக் ஒயில் டப்பாவில் மட்டத்துக்கு ஒரு கோடு கீறிவிட்டு, மறுநாள் குறைந்திருக்கிறதா பாருங்கள். நான்கு சில்லுகளின் உள்பக்கமும், பின் ட்ரம்மின் கீழ் விளிம்பும், ரப்பர் ஹோஸ்களும் ஈரமா என்று கையால் தடவிப் பாருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு ஐந்தாறு தரம் பெடலை மிதியுங்கள், காலின் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரில் உள்ள வெக்கூம் தீர்ந்து பெடல் கல் மாதிரி ஆகும். அப்போது காலை மெதுவாக வைத்து, ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடியுங்கள். அதன் பிறகு பலமாக அழுத்தியும் ஒருமுறை பிடியுங்கள். இரண்டிலும் என்ன நடக்கிறது?

பூஸ்டர் வேலை செய்கிறதா என்றும் அதோடு பார்த்துவிடலாம். காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே போய் நிற்க வேண்டும். அந்த இறக்கம் பிழை இல்லை. பலர் அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள்.

பதில்: சீனக்குடா

இது எயார்தான். லைனர் மாற்றிய பிறகு வந்த பிழை என்றால் வேறென்ன? ஒழுங்காக எடுத்திருக்கமாட்டார்கள். பின் இடது சில்லிலிருந்து தொடங்கி இன்னொரு தரம் எடுக்கச் சொல்லுங்கள்.

பதில்: உப்புவெளி

எயார் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி இருக்கும், பம்ப் அடித்தால் மேலே வரும். ஆனால் காலை வைத்தபடி இருந்தால் ஓரிடத்தில் நிற்கும், இறங்கிக்கொண்டே போகாது. காற்று நசுங்கும், ஆனால் எங்கேயும் ஓடிப்போகாது. பெடல் தொடர்ந்து இறங்குகிறது என்றால் அழுத்தம் எங்கோ தப்பிப் போகிறது. வெளியே ஒழுகலாம், உள்ளேயே கசியலாம். அண்ணை சொல்வது இரண்டாவது ஆள் மாதிரி இருக்கிறது. சோதித்துச் சொல்லட்டும்.

கேட்டவர்: பாலையூற்று

இரண்டு நாள் பார்த்தேன். பிள்ளைகளை மச்சானின் வானில் அனுப்புகிறேன்.

ஒயில் மட்டம் கோட்டிலேயே நிற்கிறது. சில்லுகளில் ஈரம் இல்லை. பின் ட்ரம் இரண்டையும் கழற்றிப் பார்த்தேன், வீல் சிலிண்டரின் ரப்பர் மூடிகளைத் தூக்கினால் உள்ளே காய்ந்துதான் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, பம்ப் அடித்து, மெதுவாகக் காலை வைத்தேன். எண்ணிப் பார்த்தால் 15 எண்ணுவதற்குள் பெடல் பாதிக்கு வந்துவிட்டது. பலமாக மிதித்தால் இறங்கவில்லை, அப்படியே நிற்கிறது! மெதுவாக வைத்தால் போகிறது, உதைத்தால் நிற்கிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

பதில்: கிண்ணியா

தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. பெடலை மிதிக்கும்போது ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்டர் பம்ப்பின் கப் வோஷர் போய்விட்டது.

நான் இந்த வேலையில் பாதை (வண்டிகளை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் படகு) ஓடிய காலத்திலிருந்து இருக்கிறேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரைக்கும் எல்லா வண்டியும் பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போகும். பாதையில் ஏறி நிற்கும்போது பிரேக்கை மெதுவாகப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாஸ்டர் பம்ப் பழுதான வண்டியெல்லாம் அங்கேதான் தன் குறையைக் காட்டும். ஓர்ஸ்ஹில் இறக்கம் உங்களுக்குக் காட்டியதும் அதையேதான்.

மாஸ்டர் பம்ப்புக்குள்ளே பிஸ்டனில் ரப்பர் கப் இருக்கும். அதன் உதடு முன்பக்கம் பார்த்து விரிந்திருக்கும். நீங்கள் உதைத்தால் ஒயிலின் அழுத்தமே அந்த உதட்டைச் சுவரோடு சேர்த்து அப்பிவிடும், தேய்ந்த கப்பும் பிடித்துவிடும். மெதுவாக அழுத்தினால் உதட்டை அப்ப அந்த அழுத்தம் போதாது. ஒயில் கப்பைத் தாண்டிப் பின்னால் நழுவி, திரும்ப டப்பாவுக்கே போகும். அதனால்தான் மட்டமும் குறையவில்லை, வெளியே ஒரு துளியும் இல்லை. மான் வந்தபோது வான் நின்றதை நம்பி ஓடாதீர்கள். இன்று உதைத்தால் பிடிக்கும் கப், உதடு இன்னும் கொஞ்சம் கிழிந்தால் உதைத்தாலும் பிடிக்காது.

லைனர் மாற்றிய பிறகு ஏன் வந்தது? இதை எல்லாக் கராஜ் பிள்ளைகளும் கேட்க வேண்டும். பழைய வண்டியில் எயார் எடுக்கும்போது ஒருவர் பெடலைத் தரை வரைக்கும் மிதிப்பார், ஒருவர் சில்லில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறப்பார். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் பம்ப்பின் பாதித் தூரம்தான் போய்வரும். மீதித் தூரத்தில் பல வருட அழுக்கும் துருவும் இருக்கும். பெடலைத் தரை வரைக்கும் மிதித்தால் அந்தக் கரடான இடத்தில் கப் உராய்ந்து கிழியும். அன்றைக்கு நன்றாக இருக்கும், ஒன்றிரண்டு கிழமையில் தன் வேலையைக் காட்டும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதித்தால் இந்த வினை இல்லை. செலவில்லாத காரியம், ஆனால் செய்வோர் குறைவு.

உறுதி செய்யாமல் கழற்ற வேண்டாம். ஹோஸை ஒவ்வொன்றாகக் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பார்ப்பார்கள். பழைய ஹோஸில் நான் அதைச் செய்வதில்லை, உள்ளே வெடித்துவிடும். மாஸ்டர் பம்ப்பிலிருந்து வெளியே போகும் பைப்புகளைக் கழற்றி, அந்தத் துளைகளைச் சரியான மரையுள்ள பிளக்கால் அடைத்து, காற்றைப் போக்கிவிட்டு மிதியுங்கள். பெடல் கல் மாதிரி நின்றால் பிழை கீழே பைப்பிலோ சில்லிலோ இருக்கிறது. அப்போதும் இறங்கினால் மாஸ்டர் பம்ப்தான், வேறு பேச்சே இல்லை.

பம்ப்பைப் பூஸ்டரில் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி, முன்னால் இழுத்துப் பின்பக்கத்தையும் பாருங்கள். பின் கப் கசிந்தால் ஒயில் வெளியே தெரியாமல் பூஸ்டருக்குள் போகும். உங்களுக்கு மட்டம் குறையாததால் அது இருக்காது, ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்: பாலையூற்று

நன்றி நானா. கப் கிட் மட்டும் போட்டால் போதுமா, முழுப் பம்ப்பும் மாற்ற வேண்டுமா?

பதில்: கிண்ணியா

கழற்றி, உள்சுவரை டோர்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்தால் கிட் போதும். சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் கிட் போட்டு என்ன பயன்? புது ரப்பர் அதே குழியில் தேய்ந்து சில கிழமைகளில் திரும்ப வரும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம்முடைய ஊர் கடலோரம், காற்றே ஈரம். ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாத வண்டிகளில் குழி விழாத பம்ப்பை நான் கண்டது குறைவு.

ரப்பரைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது, ஊதிவிடும். புது பிரேக் ஒயிலிலேயே கழுவுங்கள். இன்னொன்று: நாம் ஒயில், ஒயில் என்று சொல்லிச் சொல்லி, அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை அந்த டப்பாவில் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு துளி போனாலும் பம்ப்பிலிருந்து சில்லு வரைக்கும் எல்லா ரப்பரும் வீங்கிப் போகும். மூடியில் டொட் 3 என்று இருந்தால் டொட் 3, அல்லது டொட் 4 விடலாம். டொட் 5 வேறு சாதி, சிலிக்கோன். அதைக் கலக்கக் கூடாது.

பதில்: மூதூர்

இடையில் நானும் கேட்கலாமா? என்னுடைய கார் பெடல் இறங்கவில்லை, ஆனால் பஞ்சு மாதிரி. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் முன் கலிப்பர் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து போட்ட பிறகுதான் இப்படி. நான்கு தரம் எயார் எடுத்தாயிற்று.

பதில்: உப்புவெளி

தங்கச்சி, சில்லைக் கழற்றி, கலிப்பரின் எயார் நிப்பிள் மேல் பக்கம் இருக்கிறதா, கீழ்ப் பக்கமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: மூதூர்

கீழே இருக்கிறது.

பதில்: உப்புவெளி

இடது கலிப்பரை வலதுக்கும் வலதை இடதுக்கும் போட்டிருக்கிறார்கள். காற்று மேலே நிற்கும், நிப்பிள் கீழே இருந்தால் நூறு தரம் எடுத்தாலும் ஒயில்தான் வரும். மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள். அதுவரைக்கும் காரை எடுக்காதீர்கள்.

கேட்டவர்: பாலையூற்று

நானா, பிளக் போட்டுப் பார்த்தோம், அப்போதும் இறங்கியது. கழற்றினோம். முன் கப்பின் உதட்டில் நகம் அளவு கிழிசல். சுவரின் கடைசிப் பகுதியில் நீங்கள் சொன்னதுபோலவே கறுப்பாகக் குழிகள். முழுப் பம்ப்பும் புதிதாக வாங்கினேன். பூஸ்டர் உள்ளே காய்ந்திருந்தது.

பம்ப்பைப் பூட்டுமுன் வைஸில் பிடித்து, ஒயில் விட்டு, சிறு குழாய்களைத் திரும்ப டப்பாவுக்குள் வளைத்து, குமிழ் நிற்கும் வரைக்கும் பிஸ்டனைத் தள்ளினோம். அப்புறம் சில்லுகளில் எயார் எடுத்தோம்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பின் அச்சுக்கு மேலே பாரத்துக்கு ஏற்பப் பிரேக்கைப் பிரிக்கும் வால்வு ஒன்று இருக்கிறது, அதிலும் ஒரு நிப்பிள். முதல் இரண்டு தரமும் கராஜில் அதைத் திறக்கவே இல்லையாம். பெடலுக்குக் கீழே கட்டை வைத்தேன்.

பின் ஹோஸ் ஒன்றின் இரும்பு முனை துருப்பிடித்து உரிந்திருந்தது, இரண்டு பக்க ஹோஸையும் அதோடு மாற்றிவிட்டேன். இப்போது எஞ்சினை நிறுத்தி மெதுவாகப் பிடித்தால் ஒரு நிமிடம் தாண்டியும் பெடல் அசையவில்லை. வெறும் வானைச் சாம்பல்தீவுப் பக்கம் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தேன், பிறகு ஓர்ஸ்ஹில் இறக்கத்தில் அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். நிற்கிறது.

பதில்: கிண்ணியா

நல்லது தம்பி. ஒரு கிழமைக்கு டப்பாவில் அந்தக் கோட்டைத் தினமும் காலையில் பாருங்கள். பூட்டிய பைப் நட்டுகளில் ஈரம் வருகிறதா என்றும் கடதாசி வைத்து ஒற்றிப் பாருங்கள்.

கேட்டவர்: பாலையூற்று

இன்றோடு எட்டாம் நாள். கோடு இறங்கவில்லை, கடதாசியும் காய்ந்திருக்கிறது. நாளை காலையிலிருந்து பிள்ளைகளை ஏற்றுகிறேன்.