வேளச்சேரியில் மாணவர்களுக்கு வாடகை வீடு: ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி (புதுக்கோட்டை மாணவன்):
வணக்கம். கிண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். விடுதியில் இடம் கிடைக்காததால், உடன் படிக்கும் இருவரோடு சேர்ந்து வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். வாடகை 18,000 ரூபாய். அட்வான்ஸ் ஒரு லட்சம். காலி செய்யும்போது பெயின்ட் அடிப்பதற்கென ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்களாம். மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய். ஒப்பந்தம் போடலாமா என்று கேட்டதற்கு, படிக்கிற பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு என்று வீட்டு உரிமையாளர் சிரித்துவிட்டார். இதற்குச் சம்மதிக்கலாமா?

மறுமொழி 1 (பழைய வாடகைதாரர்):
ஒப்பந்தம் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. உங்கள் கணக்கில் அது 54,000 ரூபாய். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம் என்பதால், சட்டத்தைக் காட்டினாலும் பலர் இறங்கி வரமாட்டார்கள். ஆயினும் பேரம் பேச அது ஒரு பிடி.

நான் ஏமாந்தது வேறிடத்தில். ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டுமே இருந்தது. எனக்கு முன்பே ஊர் திரும்பிய அறை நண்பர் தம் பங்கு அட்வான்ஸை என்னிடம் கேட்டார். உரிமையாளரோ வீட்டைக் காலி செய்தால்தான் பணம் என்றார். ஆறு மாதம் நடுவில் நின்று திண்டாடினேன். ஆகவே மூவர் பெயரும் இடம்பெறட்டும். ஒருவர் இடையில் விலகினால் என்ன செய்வது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். குடிபுகும் அன்றே சுவர், குழாய், கழிப்பறை எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்.

மறுமொழி 2 (வேளச்சேரி வீட்டுக்காரர்):
தம்பி, நானும் வீடு வாடகைக்கு விடுபவன்தான். பேச்சிலர்களுக்கு வீடு தரத் தயங்குவதற்குச் சத்தம் மட்டும் காரணமன்று. 2012இல் வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐவர் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, குடியிருப்போரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்ற கெடுபிடி வந்தது. கல்லூரி அடையாள அட்டையின் நகலையும் பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் கேட்டால் தவறாக எண்ண வேண்டாம். ஆனால் ஒப்பந்தம் வேண்டாம் என்று சொல்பவர் என் கட்சி அல்லர். அது எங்களுக்கும் பாதுகாப்பு. பெயின்ட் செலவுக்குப் பிடிப்பது பரவலான வழக்கம்தான். இரண்டு ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் பாதி என்று பேசிப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கட்டணத்தை நீங்களே மின்வாரியத்துக்குக் கட்டலாம். முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகையும் உங்களுக்கே சேரும். அப்போது 9 ரூபாய்க் கணக்குக்கே இடமில்லை.

மறுமொழி 3 (தரமணிவாசி):
அட்வான்ஸைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், எந்தத் தளம் என்று யாரும் கேட்கவில்லையே? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரியில் பல தெருக்கள் நீரில் மூழ்கின. புரோக்கரிடம் கேட்டால் இந்தத் தெருவில் தண்ணீரே நிற்காது என்பார். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் விசாரியுங்கள். கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றுமா, லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்பதையும் அவரிடமே தெரிந்துகொள்ளலாம்.

புதுக்கோட்டை மாணவன்:
அனைவருக்கும் நன்றி. வீடு தரைத்தளம் என்பதை எழுத மறந்துவிட்டேன். இன்று மாலை இஸ்திரிக் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் தம் இடுப்பளவைக் கைகாட்டினார். அதே தெருவில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு காலியாக இருப்பதாகவும் அவரே சொன்னார். நாளை காலை அதைப் பார்க்கப் போகிறோம்.