ஏ.பி. வரலாற்றுத் தேர்வுக்குப் படிக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே, என் மகள் நியூஜெர்சியில் படிக்கிறாள், மே மாதம் ஏ.பி. (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) உலக வரலாறு, அமெரிக்க வரலாறு இரண்டும் எழுதுகிறாள். ஆண்டுகள் மனப்பாடம், ஆனால் ஓரிடத்தில் நடந்தது இன்னோரிடத்தை எப்படி மாற்றியது என்று எழுதச் சொன்னால் திணறுகிறாள்.

எனக்குத் தெரிந்த ஹைட்டியை (அன்று பிரான்ஸின் கரீபியன் காலனி) வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். 1791-இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், பின்னால் நெப்போலியன் அனுப்பிய படை சண்டையிலும் மஞ்சள் காய்ச்சலிலும் அழிந்தது, அந்தச் சர்க்கரைத் தீவே கைநழுவும்போது வட அமெரிக்காவில் பிரான்ஸ் வசமிருந்த லூசியானா நிலப்பரப்பு எதற்கு என்று 1803-இல் அதை 1.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றுவிட்டார், அமெரிக்காவின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

இதே மாதிரி அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தை யாராவது விளக்க முடியுமா? 1870-இல், இனத்தைக் காரணம் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக்கூடாது என்ற 15-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தும், தெற்கு மாநிலங்கள் தலைவரி, எழுத்தறிவுச் சோதனை என்று கறுப்பின மக்களின் ஓட்டைப் பறித்தன, 1965 வாக்குரிமைச் சட்டம் வரை அது நீடித்தது. 1877-இல் கூட்டரசுப் படைகள் தெற்கிலிருந்து பின்வாங்கியதோடு இதை எப்படி இணைத்து எழுதுவது?

அப்புறம், ஏழு ஆவணங்கள் கொடுத்து எழுதச் சொல்லும் கேள்வி. அண்மையில் எழுதிய தம்பி தங்கைகள் இருந்தால், வாசிக்கும்போதே எப்படிக் குறிப்பெடுத்தீர்கள் என்று சொல்லுங்கள், அவளையே பேசச் சொல்கிறேன்.