மேசைமேல் போர்க்களம்: சின்ன அளவில் போர்க்களக் காட்சி செய்கிறவர்களே, உங்களுக்கு நடந்தது என்ன?

ஈர்க்குக்கட்டு:
மச்சான் கனடாவிலிருந்து அனுப்பிய 1/35 (நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) ஷெர்மன் போர்த் தாங்கி மட்டும்தான் காசுப் பொருள். மற்றதெல்லாம் வீட்டுச் சாமான்: ரிஜிபோம் (தெர்மோகோல்), பற்பசைப் பெட்டி, தேயிலைச் சக்கை, தும்பு. காட்சி 1944 யூலை, பிரான்சின் நோர்மண்டியில் ஓர் ஒழுங்கை. தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு பங்கர். முட்டைத் தட்டை ஊறவைத்து அரைத்த கூழில் பசை கலந்து, பெருவிரல் நகமளவில் நூற்றுப்பத்து மண்மூட்டைகள் உருட்டினேன். ஈரம் காயுமுன் பழைய சாரத் துணியை அழுத்தினால் சாக்கின் நெசவு அப்படியே விழும். அடுக்கி முடித்த அன்று அம்மம்மா தேநீருடன் வந்தார்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். என் பற்குச்சியை எடுத்து ஒரு மூட்டையை நெம்பினார். "கட்டிய வாய் உள்ளுக்குப் போக வேண்டும், தம்பி. வெளியே விட்டால் அவிழ்ந்து கொட்டும்." அடுத்தது வாசல். "நேரே விட்டிருக்கிறாய். வளைத்து விடு. செல் துண்டு நேரே வந்துவிடும்." எத்தனை பேருக்கு என்று கேட்டார். நான்கு சிப்பாய்கள் என்றேன். சுண்டுவிரலை உள்ளே விட்டு அளந்தார். "குந்தியிருந்தால் எட்டுப் பேர்." தேநீரை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

இரண்டு கிழமையாகிறது. அந்தச் சுண்டுவிரல் கண்ணை விட்டுப் போகவில்லை. தாங்கியில் இன்னும் கை வைக்கவில்லை.

ஐந்து கொத்தளம்:
என்னுடையது வெட்கக் கதை. பாடசாலைக் கண்காட்சிக்கு யாழ்ப்பாணக் கோட்டை. ஐங்கோணம், அகழி, உள்ளே 1990 முற்றுகையோடு அழிந்துபோன ஒல்லாந்தர் தேவாலயம் உட்பட எல்லாம் ரிஜிபோமில். கல் நிறம் வர வேண்டும் என்று நடுவர்கள் வருவதற்குச் சற்று முன்னர் ஸ்பிரே பெயின்ற் அடித்தேன். அந்தப் பெயின்ற் ரிஜிபோமைக் கரைத்துவிடும் என்பது தெரிந்தவர்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. சத்தமே இல்லாமல் ஒரு கொத்தளம் உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு அடுத்தது. அப்பளம் எண்ணெயில் பொரிந்து விரிவதைத் திருப்பி ஓட்டிப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

நடுவராக வந்த வயதான ஆசிரியர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "1658இல் ஒல்லாந்தர் இதைப் பிடிக்க மாதக்கணக்கில் கிடந்தார்கள். உனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கிறது" என்றார். பக்கத்து மேசைப் பெண்பிள்ளைகள் சிரித்தது இப்போதும் கேட்கிறது.

பட்டைச்சக்கரம்:
ஈர்க்குக்கட்டு, கதை நல்லது. ஆனால் நோர்மண்டி ஒழுங்கையில் அவ்வளவு மண்மூட்டை எதற்கு? அங்கே வயல்களைச் சுற்றி வேரோடிய மண் வரம்புகள். ஜெர்மானியர் அந்த வரம்புக்குள்ளேயே குடைந்து இருந்தார்கள். அதை உடைக்கத்தான் அமெரிக்கர் ஷெர்மனின் மூக்கில் இரும்புப் பற்களைப் பொருத்தினார்கள். அந்த இரும்பும் கடற்கரையில் ஜெர்மானியர் நட்டுவைத்த தடைகளிலிருந்து வெட்டியெடுத்தது. உங்கள் தாங்கியில் அந்தப் பற்கள் இருக்கின்றனவா? இல்லையென்றால் அவற்றை வெட்டி ஒட்டப் பற்பசைப் பெட்டி அட்டையே போதும்.

தும்பையும் விடுங்கள். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள நார் 1/35இல் ஒன்றேமுக்கால் சென்ரிமீற்றர் ஆகிவிடும். அது புல்லா, கரும்பா? பழைய பெயின்ற் தூரிகையின் மயிர் நல்லது. தேயிலைச் சக்கையை இரண்டு நாள் வெயிலில் போட்ட பிறகும் வெறும் தாச்சியில் மெல்லிய சூட்டில் ஒருமுறை புரட்ட வேண்டும். ஈரம் நின்றால் ஒரு மாதத்தில் சாம்பல் பூஞ்சணம். வெள்ளைப் பசை ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை மண்ணுக்குள் இறங்காமல் உருண்டு நிற்கும். இன்னொன்று, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் செம்மண்ணை அரித்து நோர்மண்டியில் தூவுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

ஐந்து கொத்தளம் தம்பிக்கு: முதலில் பசையும் கடதாசியும் இரண்டு படை ஒட்டிக் காயவிட்டு, நீரில் கரையும் பெயின்றைத் தூரிகையால் பூசியிருந்தால் கோட்டை நின்றிருக்கும்.

என் அனுபவமா? மாப்பசையில் ஒட்டிய என் ஜெர்மானிய டைகர் தாங்கியை எலி தின்றுவிட்டது. சுடுகுழல் மட்டும் மிச்சம்.

பிஸ்கட் தகரம்:
பட்டைச்சக்கரம் அண்ணா, கேட்டது அனுபவம். நீங்கள் தந்தது சமையல் குறிப்பு. ஆனாலும் மா என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது.

2007, யாழ்ப்பாணத்தில் போர்க்காலம். நான் செய்தது இரண்டாம் உலகப் போரின் ஸ்டாலின்கிராட், இடிந்த வீட்டின் ஒரு மூலை, 1/72இல். ஆட்கள் இரண்டரைச் சென்ரிமீற்றர்கூட இல்லை. பனிக்குக் கோதுமை மா. அதைப் பிஸ்கட் தகரத்தில் வைத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கொக்குவிலில் நண்பனுக்குக் காட்டப் போனேன். அந்த வருடத்தில் அந்தப் பொருளோடு வீதியில் இறங்கியதற்கு இன்று என் பிள்ளை என்றால் அடித்திருப்பேன்.

சோதனைச் சாவடியில் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். சிப்பாய் இடிந்த வீட்டைப் பார்த்தார், துவக்குப் பிடித்த இரண்டு குட்டி மனிதர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் தொடை நடுங்கிச் சைக்கிள் மணி தானாகக் கிணுகிணுத்தது. அவர் வெள்ளைத் தூளை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "பிட்டி?" என்று கேட்டார். "ஓம், பிட்டு, பிட்டு" என்று தலையாட்டினேன். மாவுக்குச் சிங்களத்தில் 'பிட்டி'தான் சொல் என்பது பிறகே தெரியும். அவர் சிரித்துக்கொண்டே தகரத்தை மூடி, தானே கயிற்றையும் கட்டிவிட்டார். நகத்தில் பனி ஒட்டியிருந்தது.

நண்பன் வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி வந்து எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். அந்த ஆள் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தேனா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

ஈர்க்குக்கட்டு:
பட்டைச்சக்கரம் அண்ணா, பற்கள் இல்லை. மண்மூட்டை பற்றியும் நீங்கள் சொன்னது சரிதான். தாங்கியைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். பங்கர் மட்டும் மேசையில் இருக்கிறது. வாசலை வளைத்தாயிற்று, வாய்கள் உள்ளுக்குப் போயின. கூரைக்குப் பனங்குற்றியாக ஈர்க்குகளை வரிசையாக அடுக்கினேன்.

இன்று காலை எழுந்து பார்த்தால் பக்கத்தில் ஒரு துண்டுப் பன்னாடை. கழுவிக் காயவைத்து, பங்கரின் அளவுக்கே கத்தரித்திருந்தது. குசினியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "மேலே போடு. பொம்மருக்குத் தெரியாது."